எடைப் பயிற்சியில் அடிபடாமல் இருக்கவும், பட்டால் மீண்டு வரவும்: முழுமையான வழிகாட்டி

ஜிம்மில் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன. ஒன்று, எடை மாட்டிய கம்பி கைமீறி உடம்பின் மேல் விழுவது. மற்றொன்று, தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் பழகுவதற்கு முன்பே எடை ஏறிவிடுவது. முதலாவதை, கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டமான ராக்கில் இரண்டு இரும்புப் பின்களைச் சரியான உயரத்தில் செருகித் தடுத்துவிடலாம். இரண்டாவதற்குப் பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

எடைப் பயிற்சியே ஆபத்தானது என்று வீட்டில் பெரியவர்கள் பயமுறுத்துவதில் பாதி கூட உண்மை இல்லை. உச்ச எடையைத் தூக்கும் போட்டியான பவர்லிஃப்டிங் வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 1000 மணி நேரப் பயிற்சிக்கு 1 முதல் 4.4 காயங்கள் வரைதான் பதிவாகியிருந்தன. தோள், கீழ்முதுகு, முழங்கால் ஆகிய மூன்று இடங்களில்தான் அவை அதிகம். இந்த வழிகாட்டியும் அந்த மூன்று இடங்களில்தான் அதிக நேரம் நிற்கும்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டி நிற்பவர்கள், அது கட்டுக்குள் வரும்வரை கனமான எடையைத் தொடக்கூடாது. மூச்சைப் பிடித்துத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் அழுத்தம் இன்னும் வெகுவாக எகிறும். குடலிறக்கம் உள்ளவர்கள், நெஞ்சுவலி அல்லது மயக்கம் வந்தவர்கள், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆனவர்கள் எல்லாரும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் சேர்வதற்கு முன் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ராக், பின், கிளிப்

தனியாகப் பயிற்சி செய்பவரின் உயிரைக் காப்பது ராக்கில் குறுக்கே செருகும் பாதுகாப்புப் பின்கள்தான். பல ஜிம்களில் அவை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். தேடி எடுத்துச் செருகுங்கள்.

பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பின்களின் உயரம் வைக்கும் முறை இது. பெஞ்சை ராக்குக்குள் இழுத்துப் போட்டு, வெறும் கம்பியோடு படுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து, நெஞ்சை உயர்த்தி, வழக்கமாகத் தூக்கும் நிலையில் கம்பியை நெஞ்சில் தொடுங்கள். பாதுகாப்புப் பின் அந்த உயரத்துக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். பிறகு நெஞ்சைத் தளர்த்தி முதுகைப் பெஞ்சில் ஒட்டிப் படுத்துப் பாருங்கள். இப்போது கம்பி பின்மேல் உட்கார வேண்டும். கழுத்துப் பக்கம் உருட்டினாலும் தொண்டையைத் தொடக்கூடாது. இந்த இரண்டு சோதனையும் தேறினால், தூக்க முடியாமல் போகும் நாளில் நெஞ்சைத் தளர்த்தி வெளியே நழுவி வந்துவிடலாம்.

ராக் இல்லாத ஜிம்மில் தனியாகப் பெஞ்ச் போட வேண்டியிருந்தால் டம்பெல்லுக்கு மாறிவிடுங்கள். கம்பிதான் வேண்டும் என்றால், எடைத் தட்டுகளான பிளேட்டுகளை நழுவாமல் பிடிக்கும் கிளிப்பை மாட்டாதீர்கள். சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டுகளை வழியவிடலாம். ஒரு பக்கம் காலியானதும் மறுபக்கம் வேகமாகச் சரியும், அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தால் அவர்களுக்கு அடிபடும். எனவே இதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் பயிற்சிகளுக்கும் கிளிப் கட்டாயம்.

கம்பியைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் நீங்கள் இறங்கும் அடிமட்டத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே பின் இருக்க வேண்டும். எழ முடியாதபோது முன்னே சாயாதீர்கள், நெஞ்சை நிமிர்த்தியபடியே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து, கம்பியைப் பின்மேல் வைத்துவிட்டுக் குனிந்து வெளியே வாருங்கள். கனமான எடை போடும் நாளில்தான் முதல்முறையாக இதைச் செய்து பார்ப்பது தவறு. வெறும் கம்பியோடு நான்கைந்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

சப்போர்ட்டுக்கு ஆள் நிற்கும்போது மூன்று விஷயங்களை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். எத்தனை ரெப் (எத்தனை முறை தூக்குவது) போடப் போகிறீர்கள், கம்பியை எடுத்துக் கொடுக்க வேண்டுமா, எப்போது கை வைக்க வேண்டும். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணினால் மூன்றில் தூக்குவதா, மூன்று சொல்லி முடித்த பிறகா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்திலேயே கம்பி தடுமாறும். கம்பி நடுவழியில் நின்றுவிட்டாலோ, கீழே திரும்பத் தொடங்கினாலோதான் சப்போர்ட் செய்பவர் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ரெப்பிலும் தொட்டுக்கொண்டே இருந்தால், தூக்கும் எடையில் எவ்வளவு உங்களுடையது என்பதே தெரியாமல் போய்விடும்.

பிளேட்டைக் கழற்றும்போது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிக் கழற்றுங்கள். பெஞ்சின் தாங்கிகள் குறுகலாக இருந்தால், ஒரு பக்கம் மொத்தமாக உருவும்போது கம்பி மறுபக்கம் சாய்ந்து எகிறும். பக்கத்தில் இருப்பவரின் முகத்தில் அடிக்க ஒரு நொடி போதும்.

ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டித் தரக் கம்பி ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. உள்ளூர் ஜிம்களில் அதைவிட மெல்லிய கம்பிகளும் கலந்து கிடக்கும். ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்த்து வைத்துக்கொண்டால் ‘போன வாரம் எளிதாக வந்தது, இன்று வரவில்லையே’ என்ற குழப்பம் வராது.

காலுக்கு அடிப்பகுதி தட்டையான, அமுங்காத ஷூ. ஓடுவதற்கான மெத்தென்ற ஷூவில் ஸ்குவாட் போட்டால் கணுக்கால் ஆடும். செருப்போடு எடைப் பகுதிக்குள் வரவே கூடாது. வியர்த்த கைக்கு மக்னீசியம் கார்பனேட் சாக் பூசுங்கள். முகத்துக்குப் பூசும் பவுடரைக் கைக்குப் போடுவது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. அது வழுக்கலை அதிகமாக்கும்.

வார்ம்-அப்

ஐந்து முதல் பத்து நிமிடம் வேகநடையோ சைக்கிளோ போதும், லேசாக வியர்த்தால் சரி. அதன்பின் அன்றைய பயிற்சியையே குறைந்த எடையில் படிப்படியாகச் செய்வதுதான் உண்மையான வார்ம்-அப். அன்று 80 கிலோ ஸ்குவாட் போட வேண்டும் என்றால், வெறும் கம்பியில் 10 ரெப், 40 கிலோவில் 5, 55 கிலோவில் 3, 70 கிலோவில் 1 அல்லது 2. பிறகு 80. எடை ஏற ஏற ரெப் குறைய வேண்டும். வார்ம்-அப்பிலேயே களைத்துப்போனால் கனமான செட்டில் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுதி) தூக்கும் முறை குலையும். 70 கிலோ அன்று வழக்கத்தைவிடக் கனமாகத் தெரிந்தால் 80-ஐ விட்டு 72.5-இல் நின்றுவிடுங்கள். தூக்கமின்மையும் காய்ச்சலின் மிச்சமும் முதலில் தெரிவது அங்கேதான்.

மூன்று பெரிய பயிற்சிகளில் எங்கே தவறுகிறது

தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டில் முதல் சிக்கல் கம்பியின் உயரம். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள முழு அளவு பிளேட் போட்டால் கம்பி தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டரில் இருக்கும். சிறிய பத்து கிலோ இரும்பு பிளேட்டுகளை மட்டும் போடும்போது அது இன்னும் கீழே இறங்கிவிடும். புதிதாக வருபவர் அவ்வளவு கீழே குனிந்து எடுக்கும்போது இடுப்பு உருண்டு முதுகு வளைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் பிளேட்டை அடுக்கியோ மரக்கட்டை வைத்தோ கம்பியைச் சரியான உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே கம்பி இருக்கும்படி நில்லுங்கள். அப்போது கெண்டைக்கால் முன்எலும்புக்கும் கம்பிக்கும் இடையே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து கம்பியைப் பிடித்து, கால் எலும்பு கம்பியைத் தொடும்வரை முழங்காலை மடக்குங்கள். மூச்சை வயிறுவரை இழுத்து, இருமுவதற்கு முன் வயிறு எப்படி இறுகுமோ அப்படி இறுக்குங்கள். கையில் இருக்கும் தொய்வை எடுத்து, கம்பி பிளேட்டின் துளையில் ‘டக்’ என்று முட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் தரையை மிதித்து எழ வேண்டும். தொய்வோடு வெடுக்கென்று இழுக்கும்போதுதான் கீழ்முதுகுத் தசை பிடித்துக்கொள்கிறது. ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே திருப்பிப் பிடிப்பவர்கள், வெளியே திரும்பிய கையின் முழங்கையை ஒருபோதும் மடக்கி இழுக்கக்கூடாது. முழங்கையில் பைசெப்ஸ் தசைநாண் அறுவது அந்தக் கையில்தான்.

ஸ்குவாட்டில் கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பது இரண்டு அல்லது மூன்று எட்டு, அதற்கு மேல் வேண்டாம். தாங்கிக் கொக்கியின் உயரம் மார்பு மட்டத்தில் இருக்கட்டும். குதிகாலை உயர்த்தி எடுக்கும்படி இருந்தால், களைத்த நிலையில் திருப்பி வைக்கும்போது ஒரு பக்கம் தவறிவிடும். முழங்கால் பாதவிரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும். விரலைச் சிறிது தாண்டுவது தவறில்லை, உள்பக்கமாகச் சரிவதுதான் தவறு.

பெஞ்ச் பிரஸ்ஸில் கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் பூட்டுங்கள். கட்டைவிரல் இல்லாத பிடியில் வியர்த்த கையிலிருந்து கம்பி உருண்டு நேராக நெஞ்சில் விழும், அப்படி நடந்தால் எந்தச் சப்போர்ட்டும் பிடிக்க முடியாது. முழங்கை உடம்பிலிருந்து 45 முதல் 70 டிகிரி. 90 டிகிரியில் விரித்துக் கழுத்துப் பக்கம் இறக்குவதுதான் தோள் வலிக்கு நேர்வழி. கம்பி மார்புக்காம்புக்கு அருகில் அல்லது சற்றுக் கீழே தொட வேண்டும். மார்புத் தசை அறுவது பெரும்பாலும் கனமான எடையை இறக்கும்போது, அடிமட்டத்துக்கு அருகில். நெஞ்சில் மோதி எழுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் முழங்கால் மார்பைத் தொடும் அளவுக்கு இறக்கினால் இடுப்பு இருக்கையை விட்டுக் கழன்று கீழ்முதுகு வளையும். அதற்கு முன்பே நிறுத்துங்கள், மேலே முழங்காலை அடித்துப் பூட்டாதீர்கள்.

இடுப்பில் கட்டும் பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. அது முதுகைத் தாங்கும் கட்டு அல்ல. வயிற்றுத் தசை எதிர்த்துத் தள்ளுவதற்கான சுவர். வயிற்றை இறுக்கத் தெரியாதவருக்கு அதனால் பயன் குறைவு. வார்ம்-அப்பில் தேவையில்லை, அன்றைய கனமான செட்டுகளுக்கு மட்டும் போடுங்கள்.

எடை ஏற்றும் வேகம்

தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். புதிதாக வருபவர்களுக்கு மூன்றாவது, நான்காவது மாதத்தில் முழங்கை, முழங்கால், தோள் என்று வலி தொடங்குவது இந்த இடைவெளியால்தான். தூக்கும் வலிமை வந்துவிட்டது, அதைத் தாங்கும் கயிறு இன்னும் வரவில்லை.

ஸ்குவாட், டெட்லிஃப்ட்டுக்கு ஒரு தடவைக்கு 2.5 முதல் 5 கிலோ, பெஞ்ச், தோள் பயிற்சிகளுக்கு 1 முதல் 2.5 கிலோ ஏற்றினால் போதும். 1.25 கிலோ பிளேட் இல்லாத ஜிம்கள் நிறைய. சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல முதலீடு. எடை கூட்ட முடியாத நாளில் ஒரு ரெப் கூட்டுங்கள். ஒவ்வொரு செட்டையும் ‘இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்’ என்ற இடத்தில் முடியுங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்குங்கள். எடை, ரெப், அன்று உடம்பு எப்படி இருந்தது, மூன்றையும் எழுதி வையுங்கள். காயம் வந்தபின் காரணம் தேடும்போது அந்த நோட்டுதான் பதில் சொல்லும். பெரும்பாலும் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எடையோ செட்டோ திடீரென்று கூடியிருக்கும்.

இரண்டு வாரம் வரவில்லை என்றால் பழைய எடையில் 80 சதவீதத்தில் தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் 50 முதல் 60 சதவீதம், செட்டும் பாதி. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே மாஸ்டர் நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை இழைகள் பெருமளவில் சிதைந்து, அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலைசிஸ் என்று இதற்குப் பெயர். ஒன்றிரண்டு நாளில் தசை கல்லாக வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனை, ரத்தத்தில் சிகே (கிரியேட்டின் கைனேஸ்) பரிசோதனை. வலி மாத்திரை எதுவும் போடாமல் போங்கள்.

எந்த வலி எது

பயிற்சி வலி 12 மணி நேரத்துக்குப் பிறகு மெல்லத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். இரண்டு பக்கமும் இருக்கும், மந்தமாக இருக்கும், நடந்தால் தளரும். காயத்தின் வலி வேறு. ஒரு குறிப்பிட்ட ரெப்பில், ஒரு பக்கத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் தொடங்கும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் கூடாது.

— இரண்டு தொடைகளுக்கு இடையே, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் வராமை அல்லது கட்டுப்படாமை, கால்களில் பலம் குறைதல். முதுகுத்தண்டின் அடிநரம்புகள் நசுங்குவதன் அறிகுறி. அன்றே, அந்த மணியே மருத்துவமனை.

— ‘பட்’ என்ற சத்தத்தோடு மார்பு அல்லது முழங்கை வலித்து, பின்னர் மேல்கையில் நீலம் பாய்ந்து, அக்குளின் முன்மடிப்பு காணாமல் போவது அல்லது பைசெப்ஸ் தசை உருண்டையாக மேலேறுவது. தசைநாண் அறுந்திருக்கலாம். முழங்கையில் அறுந்ததைத் தைக்க முதல் இரண்டு, மூன்று வாரம்தான் நல்ல காலம்.

— மூட்டு இடம் விலகியது, கை மேலே எழவே மறுப்பது, விரல்களில் பலம் குறைவது.

— நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நெஞ்சு வலித்தால் ‘வாயுப்பிடிப்பு’, விலா வலித்தால் ‘மூச்சுப்பிடிப்பு’ என்று சொல்லி, பூண்டு ரசம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைப்பது வழக்கம். ஜிம்முக்குப் போகிறவரிடம் ‘பெஞ்ச் போட்டிருப்பே, அதான்’ என்பார்கள். தசை வலி என்றால் விரலால் அழுத்தும்போது அதே வலி வரும், கையை அசைத்தால் கூடும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. கனமான, பரவுகிற நெஞ்சுவலி வந்தால் காத்திருக்காமல், வயது இருபத்தைந்தே ஆனாலும் 108-ஐ அழையுங்கள். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு வருவதில் எந்த வெட்கமும் இல்லை.

முதல் மூன்று நாள்

1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் சொன்ன ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது. 2014-இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மாற்றிச் சொன்னார். வீக்கம் என்பது சீரமைப்பின் முதல் கட்டம் என்ற புரிதல் வந்ததுதான் காரணம். ஆக, ஐஸை வலி குறைப்பதற்காக மட்டும் பயன்படுத்துங்கள். துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளில் மூன்று, நான்கு முறை. தேவையில்லை என்றால் வேண்டாம்.

புதிய காயத்தை எண்ணெய் போட்டு நீவவே கூடாது. சுளுக்கு எடுப்பவரிடம் போவது பலருக்கு முதல் எண்ணமாக வரும். ஆனால் கிழிந்த தசைக்குள் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். தொடை போன்ற பெரிய தசைகளில் உறைந்த ரத்தக்கட்டைப் பிசைவதால் அங்கே எலும்பு போலக் கெட்டிப்படும் ஆபத்தும் உண்டு. முதல் 72 மணி நேரத்துக்கு நீவலும் சூடான ஒத்தடமும் மதுவும் வேண்டாம். அதே போல், அறுந்த தசைநாணைத் தெரியாமல் இறுக்கக் கட்டுப்போட்டு மூன்று வாரம் வைத்தால், நுனி சுருங்கி மேலேறி, பின்னர் அறுவை சிகிச்சை கடினமாகும். எந்தக் கட்டாக இருந்தாலும், என்ன உடைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான்.

அசைவை நிறுத்தாதீர்கள். வலி வராத எல்லைக்குள் மூட்டை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்ல ஆட்டிக்கொண்டிருங்கள். காயப்படாத பகுதிகளுக்கு மூன்றாம் நாளிலிருந்து பயிற்சி செய்யலாம்.

எடையே மருந்தாகும் முறை

இரண்டாம் உலகப்போரில் காயப்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், பலவீனமான காலுக்கு ஓய்வு தராமல், படிப்படியாகக் கூடும் எடையைக் கொடுத்துத் தேற்றினார். 1945-இல் அதை எழுதி வெளியிட்டார். அவரும் அவருடைய சகாக்களும் பின்னர் எளிமையாக்கிய முறை இன்றும் அப்படியே பயன்படும். வலியில்லாமல் சரியாக 10 முறை தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடியுங்கள். அதில் பாதியில் 10, முக்கால்வாசியில் 10, முழு எடையில் 10. அவ்வளவுதான். வாரம் ஒருமுறை அந்தப் பத்து ரெப் எடையைத் திரும்பச் சோதியுங்கள்.

எவ்வளவு வலியை அனுமதிக்கலாம்? பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3 வரை சரி. மறுநாள் காலை வலி முந்தைய நாள் காலையைவிடக் கூடியிருக்கக்கூடாது. கூடியிருந்தால் பயிற்சியை நிறுத்த வேண்டாம், எடையைக் கால்வாசி குறையுங்கள்.

கீழ்முதுகுப் பிடிப்பு: எட்டு வார ஏணி

100 கிலோவில் 5 ரெப் டெட்லிஃப்ட் போடுபவருக்குக் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது, மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மூன்று நாள்: படுக்கையில் கிடக்காதீர்கள். பத்து நிமிட நடை, நாளைக்கு நான்கைந்து முறை. வலி அதிகமானால் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிடம். காலையில் எழுந்ததும் முதல் அரை மணி நேரம் ஆழமாகக் குனிய வேண்டாம்.

நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நின்று முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துவது 8 முறை. பின்னர் கனடா ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பிய மூன்று பயிற்சிகள். ஒரு முழங்காலை மடக்கி, கைகளைக் கீழ்முதுகுக்கு அடியில் வைத்துத் தலையையும் தோளையும் கொஞ்சம் மட்டும் உயர்த்துவது, ஒருக்களித்து முழங்கையில் உடம்பைத் தாங்கி நிற்கும் பக்கவாட்டு பிளாங்க், கையையும் முழங்காலையும் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றிலும் பத்து நொடி நில்லுங்கள். முதல் செட்டில் 6 முறை, அடுத்ததில் 4, கடைசியில் 2 என்று இறங்கும் எண்ணிக்கை. கூடவே, தலை, மேல்முதுகு, இடுப்பு மூன்றும் தொடும்படி முதுகில் ஒரு கம்பை வைத்துக்கொண்டு, அது விலகாமல் இடுப்பைப் பின்தள்ளிக் குனிவது 10 முறை.

இரண்டாம் வாரக் கடைசி: முழங்கால் உயரத்தில் வைத்த கம்பியில் 30 கிலோ, 10 ரெப், 3 செட். இறக்குவதற்கு மூன்று நொடி.

மூன்றாம் வாரம்: கம்பியைக் கெண்டைக்காலின் நடு உயரத்துக்கு இறக்கி, 45 கிலோ. நான்காம் வாரம்: தரையிலிருந்து 55 முதல் 60 கிலோ, 8 ரெப். ஐந்தாம் வாரம் 70, ஆறாம் வாரம் 80, இரண்டிலும் 6 முதல் 8 ரெப். ஏழாம் வாரம் 87.5. எட்டாம் வாரம் 95, 5 ரெப். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இரண்டு முறைக்கு இடையே குறைந்தது இரண்டு நாள் விடுங்கள்.

இந்த ஏணியில் மக்கள் தவறி விழும் இடம் ஐந்தாம் வாரம். வலி போய்விட்டது, எடை எளிதாகத் தெரிகிறது, நேராக 100-க்குத் தாவுகிறார்கள். வலி போவது முதலில், வலிமை திரும்புவது பின்னால். லேசான பிடிப்பு இதைவிட வேகமாகவும் சரியாகும். அப்போதும் படிகளைத் தாண்டாதீர்கள், ஒவ்வொரு படியிலும் நிற்கும் நாளைக் குறையுங்கள். ஆறு வாரமாகியும் முன்னேற்றம் இல்லை என்றாலோ, வலி முழங்காலைத் தாண்டிக் கீழே பாய்ந்தாலோ எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

எம்ஆர்ஐ அறிக்கையில் ‘டிஸ்க் பிதுங்கல்’ என்று படித்துவிட்டு ஜிம்மையே விட்டுவிடுபவர்கள் உண்டு. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கல் இருந்தது. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது. உங்கள் அறிகுறியோடு அது பொருந்துகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தோளும் முழங்காலும்

பெஞ்ச் போடும்போது தோளின் முன்பக்கம் வலிக்கிறதா? பெஞ்சை மொத்தமாக விடுவதற்கு முன் இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள். பிடியை இரண்டு விரல் உள்ளே கொண்டு வாருங்கள். வலித்தால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல். அதுவும் வலித்தால் தரையில் படுத்துச் செய்யும் பிரஸ், முழங்கை தரையைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்கும் கீழே மேசை விளிம்பில் கை வைத்துச் செய்யும் தண்டால். வலிக்காத படியில் மூன்று வாரம் இருந்து மேலேறுங்கள். ரப்பர் பேண்டால் கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி 15 ரெப், 3 செட், வாரத்துக்கு மூன்று நாள். முன்பக்கம் தள்ளும் ஒவ்வொரு செட்டுக்கும் பின்பக்கம் இழுக்கும் ஒரு செட்டாவது இருக்கட்டும். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ்ஸையும், தாடைவரை இழுக்கும் அப்ரைட் ரோவையும் வலி தீரும்வரை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாத அளவு இரவு வலி இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பரிசோதனை தேவை.

முழங்கால் சிப்பிக்குக் கீழே தசைநாணில் வலி இருந்தால் உட்கார்ந்து முழங்காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் அசையாமல் பிடித்து நிற்கும் பயிற்சி வலியைத் தணிக்கும். 2015-இல் ஆஸ்திரேலியாவில் கைப்பந்து வீரர்களிடம் செய்த சிறிய ஆய்வில் முழுபலத்தில் 70 சதவீதம், 45 நொடி, 5 முறை, நடுவே இரண்டு நிமிடம் என்ற அளவு வலியைக் குறைத்தது. மெஷின் இல்லையென்றால் சுவரில் சாய்ந்து உட்காரும் நிலை. அதற்குப்பின் நான்கு நொடி இறக்கி, நான்கு நொடி ஏற்றும் மெதுவான ஸ்குவாட். தசைநாண் விஷயத்தில் அவசரம் உதவாது. ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் குதிகால் தசைநாணுக்கு வெளியிட்ட திட்டமே 15 ரெப், 3 செட், நாளைக்கு இரண்டு வேளை என்று 12 வாரம் ஓடியது. மூன்று வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள்.

மாத்திரை, ஊசி

டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவற்றைப் பயிற்சிக்கு முன் போட்டுக்கொண்டு தூக்குவது காயத்தைப் பெரிதாக்கும், ஏனென்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலியை அது மறைக்கிறது. நீர்ச்சத்து குறைந்த உடம்பில் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதையும், ‘ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்று வாராவாரம் போவதையும் நிறுத்துங்கள்.

பழைய உச்சத்துக்குத் திரும்புதல்

காயத்துக்கு முன் போட்ட எடையில், அதே ரெப்பை, வேறு வேறு மூன்று நாள்களில், மறுநாள் வலி இல்லாமல் முடித்த பிறகுதான் அதற்கு மேல் யோசிக்க வேண்டும். ஒற்றை ரெப் உச்ச எடையை அதற்குப் பிறகும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் காயம் வந்தால், எடையை மட்டும் குறை சொல்லாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். போகும்போது நோட்டையும், பக்கவாட்டிலிருந்து இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்த இரண்டு வீடியோக்களையும் கொண்டு போங்கள். ஒன்று வார்ம்-அப் எடையில் முதல் ரெப், மற்றொன்று கனமான செட்டில் கடைசி ரெப். இரண்டிலும் இடுப்பும் முதுகும் எங்கே வேறுபடுகின்றன என்று நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.